குனூகேஷ்: ஒரே முதலீடு இரண்டு முறை ஏறிய கணக்கைச் சரிசெய்ய உதவுமா?

மியூச்சுவல் ஃபண்டிலும் பங்குகளிலும் போட்ட பணத்துக்குக் கணினியில் கணக்கு வைத்திருப்பவர்களில், ஒரே முதலீடு இரண்டு முறை ஏறிவிட்ட தொல்லையைச் சந்திக்காதவர்கள் குறைவு. வங்கி அறிக்கையை ஒரு முறை இறக்குமதி செய்கிறோம், ஃபண்ட் அறிக்கையை ஒரு முறை இறக்குமதி செய்கிறோம். இரண்டிலும் இருப்பது ஒரே எஸ்ஐபி (குறிப்பிட்ட இடைவெளியில் தொடர்ந்து போடும் முதலீடு) தவணைதான் என்று நமக்குத் தெரிகிறது, மென்பொருளுக்குத் தெரிவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் கணக்கு மென்பொருளான குனூகேஷ் இந்த ஒரு சிக்கலில் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது பெரம்பூரில் வசிக்கும் என் பெரியப்பாவின் கணக்கு. ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அஞ்சலகத்திலும் சீட்டிலும் மட்டுமே பணம் போட்டுப் பழகிய அந்தத் தெருவில் ஓய்வூதியக்காரர்கள் பலர் இன்று எஸ்ஐபி போடுகிறார்கள். அறிக்கைகள் மின்னஞ்சலில் வருவதால் அவற்றைப் பார்க்கும் பொறுப்பு வீட்டில் உள்ள இளையவர்கள் தலையில் விழுகிறது. முன்பு அவர் வைத்திருந்த ஒரு கைபேசிச் செயலி தவணைகளை இரட்டித்துக் காட்டியது. "மாசம் அஞ்சாயிரம்தானேப்பா போடுறேன், இதுல பத்தாயிரம்னு காட்டுதே, மீதியை யார் போட்டது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தச் செயலியில் பதிவை மறைத்து வைக்க மட்டுமே வழி இருந்தது. மறைத்த பதிவும் அடுத்த புதுப்பிப்பில் திரும்பி வந்துவிடும்.

இரட்டிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த மென்பொருளையும் எடைபோட முடியாது. ஃபண்ட் நிறுவனங்களுக்காக முதலீட்டாளர் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் ஆகிய பதிவாளர்கள் தரும் ஒருங்கிணைந்த அறிக்கையில் நம் பான் எண்ணில் உள்ள ஃபோலியோக்கள், அதாவது ஃபண்ட் கணக்குகள், அனைத்தும் இருக்கும். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டெபாசிட்டரிகளான என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் அனுப்பும் அறிக்கையில் டீமேட் கணக்கில் உள்ள பங்குகளோடு அதே ஃபோலியோக்களும் சேர்ந்தே வரும். இரண்டையும் இறக்குமதி செய்தால் பங்குகள் ஒரு முறையும் ஃபண்டுகள் இரு முறையும் ஏறும். ஆகவே ஃபண்டுக்குப் பதிவாளர் அறிக்கை, பங்குக்கு டெபாசிட்டரி அறிக்கை என்று முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. இந்தப் பிரிவினையை எந்த மென்பொருளும் நமக்காகச் செய்து தராது, குனூகேஷும் செய்வதில்லை.

அடுத்தது முத்திரைத் தீர்வை. 2020 ஜூலை 1 முதல் ஃபண்ட் வாங்கும் ஒவ்வொரு முறையும் 0.005 சதவீதம் பிடிக்கப்படுகிறது. 5,000 ரூபாய் தவணையில் 25 காசு. இது யாருக்கும் பாரமில்லை, ஆனால் கணக்குக்கு இதுவே பெரிய இடைஞ்சல். வங்கி அறிக்கையில் 5,000.00 என்று இருக்கும். ஃபண்ட் அறிக்கையில் 4,999.75 என்று இருக்கும். தேதியும் ஓரிரு நாள் தள்ளியிருக்கும், ஏனெனில் 2021 பிப்ரவரி முதல் பணம் ஃபண்ட் நிறுவனத்தின் கைக்கு வந்து சேர்ந்த நாளின் என்ஏவி (ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு) விலையில்தான் யூனிட் ஒதுக்கப்படுகிறது. தொகையும் தேதியும் ஒத்துப்போகாத இரண்டு வரிகளை வெவ்வேறு பரிவர்த்தனைகள் என்று மென்பொருள் நினைப்பதில் வியப்பில்லை.

இந்த இடத்தில்தான், பணம் எங்கிருந்து போனது, எங்கே வந்தது என்று இரண்டு பக்கமும் எழுதும் குனூகேஷின் இரட்டைப் பதிவு முறை கைகொடுக்கிறது. ஒரு பரிவர்த்தனைக்குள் எத்தனை பிரிவுகள் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால், வங்கிக் கணக்கிலிருந்து 5,000.00 வெளியே, ஃபண்ட் கணக்குக்கு 4,999.75, முத்திரைத் தீர்வை என்ற செலவுக் கணக்குக்கு 0.25 என்று ஒரே பதிவாக எழுதிவிட முடிகிறது. என்ஏவி 62.4830 என்று வைத்துக்கொண்டால் யூனிட் 80.018, அறிக்கையில் உள்ள மூன்று தசம இடமும் அப்படியே நிற்கும். இதற்குப் பிறகு வங்கி அறிக்கையை இறக்குமதி செய்தால், இறக்குமதிப் பொருத்தி (புது வரிகளை ஏற்கெனவே உள்ள பதிவுகளோடு ஒப்பிடும் பகுதி) அந்த 5,000.00 ஏற்கெனவே இருப்பதைக் கண்டு, புதிதாகச் சேர்க்காமல் சரிபார்த்ததாக மட்டும் குறித்துக்கொள்கிறது. வரிசை முக்கியம்: முதலில் ஃபண்ட், பிறகு வங்கி. மாற்றிச் செய்தால் வங்கி வரிகள், மறுபக்கம் தெரியாத தொகைகளுக்கான 'இம்பேலன்ஸ்' கணக்கில் போய்க் குவியும். எந்தக் கணக்கில் இறக்குமதி செய்கிறோமோ அதில் உள்ள பதிவுகளோடுதான் பொருத்தி ஒப்பிடும் என்பதால், பின்னால் ஃபண்ட் கணக்கில் ஏறும் அறிக்கை அந்தக் குவியலைக் கவனிக்காது.

பொருத்தியின் அமைப்புகளில் ஒரு வேடிக்கை உண்டு. தொகையில் சிறிய வேறுபாடு இருந்தாலும் பொருத்தமாகக் கொள்ள 'ஏடிஎம் கட்டண வரம்பு' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதன் தொடக்க மதிப்பு 2.00. வெளிநாட்டு ஏடிஎம் கட்டணத்தை நினைத்து வைத்த இந்த எண், நம் ஊர் முத்திரைத் தீர்வைக்கு 40,000 ரூபாய் தவணை வரைக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. தேதிக்கும் இரண்டு வரம்புகள் உள்ளன: 4 நாளுக்குள் என்றால் பொருத்தம் வலுக்கும், 14 நாளைத் தாண்டினால் வலுவிழக்கும். மாதத் தவணைக்கு இது போதும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் நண்பரைப் போல, கடை வரவைப் பார்த்து வாராவாரம் ஒரே தொகையைப் போடுபவர்களுக்குப் போதாது. ஏழு நாள் இடைவெளி அந்த இரண்டு வரம்புகளுக்கும் நடுவில் விழுவதால், உண்மையான புதுத் தவணையே பழையதன் நகல் என்று எண்ணப்பட்டுச் சிவப்பு நிறத்தில், அதாவது சேர்க்கப்படாத வரியாக, நிற்கக்கூடும். இறக்குமதிப் பட்டியலில் பச்சையை நம்பலாம், சிவப்பை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பை ஏற்றும்போது தேதி வடிவத்தை நாள்-மாதம்-ஆண்டு என்று தேர்ந்தெடுப்பதும் இதில் சேர்த்தி. 05-06 என்பது மே 6 என்று ஒரு முறை ஏறிவிட்டால், மறுமுறை சரியாக ஏற்றும்போது பொருத்திக்கு இரண்டும் வேறுவேறு நாள்களாகவே தெரியும்.

பரிவர்த்தனைகள் இரட்டிப்பதைவிடக் குழப்பமானது, ஃபண்டே இரட்டிப்பது. 2017 அக்டோபரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கொண்டுவந்த வகைப்படுத்தல் விதிகளால் 2018இல் பல திட்டங்களின் பெயர் மாறியது. நிறுவனங்கள் கைமாறியபோதும் மாறியது. பழைய பெயரில் பாதி, புதிய பெயரில் பாதி என்று ஒரே ஃபண்ட் இரண்டாகக் கிடக்கும். இவற்றைச் சேர்த்து ஒன்றாக்கும் பொத்தான் குனூகேஷில் இல்லை, இது பெரிய குறை. ஆனால் வராமல் தடுக்க வழி இருக்கிறது. ஒரே வகையில் ஒரே குறியீட்டோடு இரண்டு பத்திரங்களை (அதாவது ஃபண்ட் அல்லது பங்கை) உருவாக்க அது அனுமதிப்பதில்லை என்பதால், குறியீட்டுக் கட்டத்தில் நம் இஷ்டத்துக்குச் சுருக்கப் பெயர் எழுதாமல், ஒவ்வொரு ஃபண்டுக்கும் பங்குக்கும் தனியே உள்ள பன்னிரண்டு எழுத்து ஐஎஸ்ஐஎன் எண்ணை எழுதிவிட்டால் போதும். திட்டத்தின் பெயர் மட்டும் மாறினால் பொதுவாக அந்த எண் மாறுவதில்லை. டைரக்ட் (இடைத்தரகர் இல்லாமல் வாங்குவது), ரெகுலர் (இடைத்தரகர் வழியாக வாங்குவது) என்ற இரண்டு பிளான்களுக்கும் வேறு வேறு எண் உண்டு. பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் இவற்றை இரட்டிப்பு என்று நினைத்து அழித்துவிடும் ஆபத்தும் இதனால் நீங்குகிறது. பங்குகளில் ஒரு விதிவிலக்கு: முகமதிப்பு பிரிக்கப்பட்டால் ஐஎஸ்ஐஎன் மாறும், போனஸ் கொடுத்தால் மாறாது. முகமதிப்பு பிரிந்த பங்கு இரண்டு எண்களில் தெரிந்தாலும் சொத்து ஒன்றுதான்.

ஏற்கெனவே இரண்டாகிவிட்ட ஃபண்டைச் சரிசெய்ய, சரியான கணக்கில் பதிவாளர் அறிக்கையிலிருந்து முழுமையாக ஏற்றிக்கொண்டு, தவறான கணக்கை நீக்குவதே சுருக்கமான வழி. நீக்கும்போது அதில் உள்ள பரிவர்த்தனைகளை வேறு கணக்குக்கு நகர்த்தவா, அழிக்கவா என்று கேட்கும். அழித்தால் அவற்றின் வங்கிப் பக்கமும் சேர்ந்தே அழியும் என்பதால், வங்கி இருப்பை முன்னும் பின்னும் குறித்து வைத்துக்கொள்வது அவசியம். ஏதாவது ஒரு கணக்கு பயன்படுத்திக்கொண்டிருக்கும் பத்திரத்தை நீக்க முயன்றால் குனூகேஷ் மறுத்துவிடும். எங்கோ ஒரு பதிவு மிச்சம் இருக்கிறது என்பதை அந்த மறுப்பே காட்டிக்கொடுக்கிறது. விலைப் பட்டியலில் ஏற்படும் இரட்டிப்பு பெரிய விஷயமில்லை. விலைகளை சிஎஸ்வி வழியாக ஏற்றும்போது பழையதன் மேல் எழுதும் தேர்வு உண்டு.

பிடிஎஃப் அறிக்கையை குனூகேஷ் நேரடியாகப் படிப்பதில்லை. கேம்ஸ், கேஃபின்டெக் அறிக்கையை சிஎஸ்வி ஆக்கித் தர காஸ்பார்சர் என்ற இலவசக் கருவி உள்ளது; கட்டளை வரியில் இயங்குவதால் கணினிப் பழக்கம் இல்லாதவர்களுக்குச் சிரமமாக இருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு சரியாக முடிந்ததா என்று நிரூபிக்க வழி இருப்பதால்தான் நான் இதைப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு ஃபண்ட் கணக்கையும் திறந்து, அறிக்கையில் உள்ள இறுதி யூனிட் இருப்போடு ஒப்பிட்டு 'ரீகன்சைல்' செய்யலாம். ரூபாய் மதிப்பு தினமும் மாறும், யூனிட் மாறாது. 0.001 வித்தியாசம் என்றால் தசமத் திருத்தம். முழுத் தவணை அளவுக்கு வித்தியாசம் என்றால் நகல் ஒன்று இன்னும் உள்ளே இருக்கிறது. பெரியப்பாவின் கணக்கில் எல்லா ஃபோலியோக்களும் மூன்று தசமம் வரை ஒத்துவந்தன.

வரிக் காலத்தில் இது வெறும் ஒழுங்கு விஷயமாக இருப்பதில்லை. முதலில் வாங்கிய யூனிட் முதலில் விற்றதாகக் கொள்ளப்படுவதால், ஒரு நகல் பதிவு இருந்தாலே அதற்குப் பின்னால் வரும் எல்லா விற்பனைகளின் லாபக் கணக்கும் நகர்ந்துவிடும். பங்கு சார்ந்த ஃபண்டில் நீண்ட கால லாபம் ஆண்டுக்கு 1,25,000 ரூபாயைத் தாண்டினால் 12.5 சதவீத வரி என்னும்போது அந்த நகர்வு பணமாகவே தெரியும். வருமான வரித் துறையின் ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல்) அறிக்கையிலும் ஒரே பரிவர்த்தனை இரு முறை வருவதுண்டு, அதைத் தெரிவிக்க அங்கேயே ஒரு கருத்துத் தேர்வு கொடுத்திருக்கிறார்கள். அதைத் துணிந்து தேர்ந்தெடுக்க, நம்மிடம் இருக்கும் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.

ஒன்றிரண்டு எஸ்ஐபி மட்டும் போடுபவர்களுக்கு இவ்வளவு உழைப்பு தேவையில்லை, பதிவாளர் அறிக்கையே போதும். பல ஃபோலியோக்கள், டீமேட், பழைய பெயர்கள் என்று சேர்ந்துவிட்ட குடும்பங்களுக்கு, கணினி முன் உட்கார ஓர் ஆள் இருந்தால், குனூகேஷைத் தயங்காமல் சொல்வேன். தானாக எதையும் அழிக்காத அதன் மந்தத்தனம் இந்த வேலைக்குப் பொருத்தமானது. தொடங்கும் முன் ஒன்று செய்துவிடுங்கள்: சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அது எடுத்து வைக்கும் காப்புக் கோப்புகள் 30 நாளில் தானாக நீக்கப்படும்படி அமைக்கப்பட்டிருக்கும், சீர்செய்து முடிக்க அதைவிட அதிக நாள் ஆகலாம் என்பதால், விருப்பங்கள் பகுதியில் அதை 'எப்போதும் வைத்திரு' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.