குடியை விட்டபின் வரும் முதல் தீபாவளி: ஊரா, வீடா, மாலையா, மாத்திரையா?

தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகளுக்கு வழக்கமாக ஆண்டில் எட்டு நாள் விடுமுறை. திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மீலாது நபி, காந்தி ஜெயந்தி. இந்தப் பட்டியலில் தீபாவளி இல்லை. அன்றைக்கும் பகல் 12 மணிக்குக் கடை திறக்கும், மறுநாள் நாளிதழில் வசூல் எத்தனை கோடி என்று செய்தி வரும்.

குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவருக்கு ஆண்டில் இதைவிடச் சிக்கலான காலம் இல்லை என்பது என் எண்ணம். புத்தாண்டு என்றால் ஒரு ராத்திரி. தீபாவளி அப்படியல்ல. முதலில் போனஸ் வரும். பிறகு பயணம், சொந்தபந்தம், கறிக்குழம்பு, வேலையில்லாத நீண்ட மதியம் என்று நாலைந்து நாள் இழுக்கும்.

இதைத் தாண்ட ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். ஊருக்கே போகாதே என்பார் ஒருவர். மாலை போட்டுவிடு என்பார் இன்னொருவர். மாத்திரை போதும் என்பார்கள், குடியை விட்டவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தை விடாதே என்பார்கள். பண்டிகை நாளை மட்டும் வைத்துப் பார்த்தால் எல்லாமே நல்ல வழிதான். நானும் குடியை விட்டவன். எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் பற்றிக் கேட்கும்போது நான் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பேன்: பண்டிகைக்கு மறுநாள் காலையில் இந்த வழி உங்களோடு இருக்குமா? ஏனென்றால் நான் பார்த்தவரை பலர் தீபாவளியன்று சறுக்குவதில்லை. "தாண்டிட்டோம்ல" என்ற தெம்பு வந்த பிறகுதான் சறுக்குகிறார்கள்.

ஊருக்குப் போவதா, இங்கேயே இருப்பதா

தீபாவளி அன்று ஆபத்து எந்த நேரத்தில் வரும் என்று தெரிந்துகொண்டால் இதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். விடிகாலை எண்ணெய்க் குளியலில் ஆபத்து இல்லை. புதுத்துணி, பட்டாசு, இட்லியும் கறிக்குழம்பும் முடிகிற வரை வீட்டில் எல்லோரும் விழித்திருப்பார்கள், குழந்தைகள் காலைச் சுற்றி ஓடுவார்கள். மதியச் சாப்பாடு முடிந்து பெண்கள் அசந்து படுத்த பிறகுதான் ஆண்கள் ஒவ்வொருவராக மொட்டை மாடிக்கோ தோப்புக்கோ பம்ப்செட்டுக்கோ நகர்வார்கள். முந்தின நாள் சாயங்காலமே வாங்கி வைத்த சரக்கு அங்கே காத்திருக்கும்.

ஆகவே ஊருக்குப் போவது என்று முடிவு செய்தால் அந்த மதியத்துக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். அக்கா வீட்டுக்கு அடுத்த ஊர் வரை போய் வருவது, பிள்ளைகளைச் சினிமாவுக்குக் கூட்டிப் போவது, எதுவானாலும் சரி. "அப்போ பார்த்துக்கலாம்" மட்டும் கூடாது. அப்புறம் திரும்பும் டிக்கெட். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், போவதற்கு எடுக்கும்போதே வருவதற்கும் எடுத்துவிடலாம். மறுநாள் காலை ரயில் என்றால் ராத்திரிக் கச்சேரியிலிருந்து எழுந்துகொள்ள யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. யாரோ ஒருவர் காரில் தொற்றிக்கொண்டு போனால் அவர் எப்போது கிளம்புகிறாரோ அப்போதுதான் நீங்களும் கிளம்ப முடியும். அவர் மொட்டை மாடியில் இருந்தால் உங்களுக்கும் அதுவே கதி.

பயணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கும் குடிநோயாளிக்கு ஆகாது என்று மறுவாழ்வு மையங்களில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பண்டிகைக்கு முந்தின இரவு கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றவருக்கு அதில் மூன்று கிளம்பும்போதே கிடைத்துவிடும். ஒரு நாள் முன்னதாகப் புறப்படுவதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

இங்கேயே தங்குவது பாதுகாப்பாகத் தோன்றும். மனைவி, பிள்ளைகளோடு தங்கினால் உண்மையிலேயே பாதுகாப்புதான். முதல் தீபாவளிக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு மேன்ஷன் அறையிலோ பூட்டிய வீட்டிலோ தனியாகத் தங்குவது வேறு விஷயம். தெரு முழுக்கப் பட்டாசு வெடிக்கும், சாப்பாட்டுக் கடைகள் பாதி மூடியிருக்கும், கேட்க ஆளே இல்லை. மொட்டை மாடிக் கூட்டத்தைவிட இந்தத் தனிமை எனக்கு அதிகப் பயம் தருகிறது. கூட்டத்தில் இருப்பவர் முகத்தை நாலு பேராவது பார்ப்பார்கள்.

தலை தீபாவளி மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. மாமனார் வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. அங்கே மாப்பிள்ளையைக் "கவனிப்பது" மச்சான்மார்களின் பொறுப்பு. அதற்கு ஒரே மாற்று, மனைவி முன்கூட்டியே தன் அண்ணனிடமோ தம்பியிடமோ பேசி வைப்பது.

சாக்கு சொல்வதா, நேராகச் சொல்வதா

"என்ன மாப்ள, ஒரு கட்டிங் போட்டா என்ன ஆகிடப் போகுது?"

இதற்கு நம் ஊரில் மூன்று பதில்கள் புழக்கத்தில் உண்டு. மாத்திரை சாப்பிடுறேன். மாலை போட்டிருக்கேன். விட்டுட்டேன் மச்சான்.

முதல் இரண்டும் உடனே வேலை செய்யும். மாத்திரை என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள், சாமி விஷயம் என்றால் டம்ளரைத் தள்ளியே வைப்பார்கள். ஆனால் இரண்டிலும் ஒரு தேதி ஒளிந்திருக்கிறது. மாத்திரை எப்போ முடியும், மாலையை எப்போ கழட்டுவே என்று கேட்பார்கள். "சரி, பொங்கலுக்குப் பார்த்துக்கலாம்" என்று அவர்களே நாளும் குறித்துவிடுவார்கள். சாக்கு சொன்னவர் தெரியாமலேயே ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்.

"விட்டுட்டேன்" என்பதில் தேதி கிடையாது. சொல்லும் அந்த நேரத்தில் கஷ்டம், அதன் பிறகு லேசு. கேலி வரும், பெரிய மனுஷன் ஆயிட்டான்டா என்பார்கள். பத்து நிமிடத்தில் பேச்சு வேறெங்கோ போய்விடும், ஏனென்றால் அவர்கள் கவனம் உங்கள் மீது இல்லை, பாட்டில் மீது. நீட்டி விளக்கத்தான் கூடாது. கல்லீரல், டாக்டர், மையத்தில் இருந்த நாட்கள் என்று ஆரம்பித்தால் அது விவாதமாகிவிடும். குடித்துக்கொண்டிருப்பவரோடு விவாதம் செய்து ஜெயித்தவர் யாரும் இல்லை.

எல்லோரிடமும் சொல்ல மனம் வரவில்லை என்றால் ஒருவரிடமாவது சொல்லுங்கள். அவர் அந்தக் கூட்டத்தில் சொல் செல்லுபடியாகும் ஆளாக இருக்க வேண்டும், ஒரு சித்தப்பாவோ பெரிய மச்சானோ. "அவனை விடுங்கடா" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை நீங்கள் சொல்லும் பத்துக்குச் சமம். ஊருக்கே தெரிந்திருப்பதில் ஒரு வசதி உண்டு என்பதற்குத் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி முகாம்களைச் சொல்லலாம். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. என்ற குடிநோய் சிகிச்சை மருத்துவமனை, அந்தக் கிராமத்துக்கே போய் முகாம் போட்டுச் சிகிச்சை அளித்தது. சொந்த ஊரில் எல்லோரும் பார்க்கச் சிகிச்சை எடுத்தவருக்கு மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

மாலை, மாத்திரை, கூட்டம்

மாலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். குடியை நிறுத்தச் சொல்லி எந்த மருத்துவரிடமும் போகாதவர்கூட ஐயப்பனுக்கு 41 நாள் நிறுத்திவிடுகிறார். விடிகாலைக் குளியல், தினமும் பூஜை, கூடவே நாலு சாமிகள், குருசாமியின் பார்வை. நாள் முழுவதும் ஒரு ஒழுங்கு இருக்கிறது, சுற்றி ஆள் இருக்கிறது. எந்த மறுவாழ்வு மையமும் கொடுக்கப் பார்ப்பது இதைத்தான்.

சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. கார்த்திகை முதல் தேதி நவம்பர் 16 அல்லது 17இல் வரும். தீபாவளி அதற்கு முன்பே முடிந்திருக்கும். மண்டல பூஜை டிசம்பர் 26, 27 வாக்கில், அப்போது மலைக்குப் போய் வருகிறவர் மாலையைக் கழற்றும்போது புத்தாண்டு வாசலில் நிற்கிறது. மகரஜோதிக்குப் போகிறவர் கழற்றும்போது பொங்கல். பழனிக்கு மாலை போடுகிறவருக்காவது தைப்பூசம் வரை, அதாவது பொங்கலையும் தாண்டிப் பாதுகாப்பு உண்டு. என் கேள்விக்கு மாலை தரும் பதில் தெளிவானது: கழற்றிய நாளில் அது கூட இருக்காது. ஆகவே விட்டவர்கள் மாலை போடட்டும், கழற்றும் நாளுக்கு மறுநாள் எங்கே இருப்போம் என்பதையும் சேர்த்து முடிவு செய்யட்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். தினமும் குடித்துக்கொண்டிருக்கும் ஒருவர் சாமிக்காகவோ பண்டிகைக்காகவோ திடீரென்று வீட்டிலேயே நிறுத்தக் கூடாது. கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் அடையாளம் மறப்பது, உடம்பெல்லாம் நடுங்கி வியர்ப்பது என்று முற்றினால் உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவமனை, பிறகு மாலை.

மாத்திரை என்று எல்லோரும் பொதுவாகச் சொன்னாலும் அவை ஒன்றல்ல. டைசல்பிராம் பயமுறுத்தி வேலை செய்யும் மருந்து. மது உடலில் அசிட்டால்டிஹைடாக மாறி, பிறகு அதுவும் உடையும். இந்த மருந்து இரண்டாவது படியை அடைத்துவிடும். அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு வரலாம் என்பது பண்டிகைக் காலத்தில் பெரிய வசதி. காலையில் மனைவி கையால் ஒன்று போட்டுக்கொண்டால் மதியத்துக்கான முடிவு காலையிலேயே முடிந்துவிட்டது. ஆனால் இதை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தெரியாமல் அவர் போய்க் குடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதய நோய் உள்ளவர் என்றால் உயிரே போகலாம்.

நால்ட்ரெக்ஸோன் வேறு ரகம். அது குடிக்கும் ஆசையையும் குடித்தால் வரும் கிறக்கத்தையும் மட்டுப்படுத்தும். அகாம்ப்ரோசேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் பொதுவாகக் கொடுக்க முடிகிறது. தினமும் மூன்று வேளை என்பதால் பண்டிகை அலைச்சலில் முதலில் மறந்துபோவதும் அதுதான். யாருக்கு எது என்பது மருத்துவர் முடிவு. ஆனால் ஊருக்குக் கிளம்புமுன் பத்து நாளுக்கு வாங்கிப் பையில் வைப்பது நம் வேலை.

கூட்டத்துக்கு வருகிறேன். ஏ.ஏ. அமைப்பு பிறந்ததே கிட்டத்தட்ட இப்படி ஒரு நாளில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவில் அன்னையர் தினத்துக்கு முந்தின நாள். வியாபாரம் கைவிட்டுப் போன பில் வில்சன், ஆக்ரன் நகர ஹோட்டல் ஒன்றின் வரவேற்புக் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பாரின் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று விசாரித்தார். மறுநாள் டாக்டர் பாப் என்பவரைச் சந்தித்தார். முந்தின நாளே சந்தித்திருக்கலாம், டாக்டர் அன்றைக்குப் போதையில் இருந்தார்!

கூட்டத்தின் பலம் இந்தத் தொலைபேசிதான். கட்டணம் கிடையாது, முடிவுத் தேதி கிடையாது. பலவீனமும் உண்டு: எல்லா ஊரிலும் குழு இல்லை, தீபாவளியன்று எல்லாக் குழுவும் கூடுவதில்லை. அதனால் கூட்டத்தை நம்புவதைவிட ஆளை நம்புவது மேல். மதியம் இரண்டு மணிக்கு எடுத்துப் பேசக்கூடிய இரண்டு பேர், அவர்களிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். இணையவழிக் கூட்டங்கள் வந்த பிறகு தோப்பிலிருந்துகூட ஒரு மணி நேரம் உட்கார முடிகிறது. யாருமே இல்லாதவர்களுக்கு அரசின் டெலி மனஸ் எண் 14416 இருக்கிறது, பண்டிகை நாளிலும் இரவு பகலாகத் தமிழில் பேசுவார்கள்.

மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் கூட்டத்தை எடுப்பேன், அது மட்டும்தான் மறுநாளும் இருக்கும். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதால், முதல் ஆண்டில் மாத்திரையும் கூட்டமும் சேர்ந்தே இருப்பது என் தேர்வு.

டம்ளரில் என்ன

வெறுங்கையோடு நிற்பவரைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். பன்னீர் சோடா, மோர், எலுமிச்சை ஜூஸ் ஏதாவது ஒன்றைக் கையில் வைத்திருங்கள், நீங்களே ஊற்றியதாக இருக்கட்டும். "0.0" என்று போட்ட பீர் வேண்டாம். போதை வராது, ஆனால் அதே பாட்டில், அதே நுரை, அதே வாசனை. மூளை லேபிளைப் படித்துக்கொண்டிருக்காது. டைசல்பிராம் எடுப்பவர்கள் அஜீரணத்துக்குக் கொடுக்கும் அரிஷ்டத்தையும் தள்ளி வைக்க வேண்டும், நொதிக்க வைத்துச் செய்வதால் அதில் மது உண்டு. கிறிஸ்துமஸ் வந்தால் ரம்மில் ஊறிய பிளம் கேக்கும் அப்படியே.

பொங்கல் வந்தால்

போனஸ் தீபாவளியோடு முடிந்திருக்கும், கையில் காசு குறைவு. அது ஒரு நன்மை. மாட்டுப் பொங்கலும் திருவள்ளுவர் தினமும் ஒரே நாள் என்பதால் கடையும் மூடியிருக்கும். ஆனால் கடை மூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே போகியன்றும் பொங்கலன்றும் இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்கி வீட்டில் வைத்துவிடுவார்கள். தீபாவளிக்குச் சரக்கு தோப்பில் இருந்தது, இப்போது நீங்கள் படுக்கும் அறையின் பரணில் இருக்கும். ஊருக்குப் போகிறவர்கள் போகிக்கு முன்பே போன் செய்து, அதை வேறு வீட்டில் வைக்கச் சொல்லிவிடுங்கள். தம்பியிடம் சொன்னால் செய்துவிடுவான். அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டம், அதற்கு அம்மா இருக்கிறார்.