புலிட்சர் தளத்தில் ஓட்டக்காரர்களைத் தேடியபோது

எங்கள் காலை ஓட்டக் குழுவில் ஒரு அண்ணன் இருக்கிறார், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது 58. போன வருடம் அரை மாரத்தானை 2 மணி 9 நிமிடத்தில் முடித்தார். உள்ளூர்ப் பக்கத்தில் அவரைப் பற்றி ஒரு செய்தி வந்தது. தலைப்பு, நீங்களே ஊகித்திருப்பீர்கள், ‘வயது ஒரு தடையல்ல’. நேரத்தை 1 மணி 9 நிமிடம் என்று போட்டுவிட்டார்கள். அந்த வயதில் அந்த நேரத்தில் ஓடியிருந்தால் வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து ரத்தப் பரிசோதனை எடுத்திருப்பார்கள்! கடைசி வரியில் ‘அரசு உதவ வேண்டும் என்பதே இவரது எதிர்பார்ப்பு’. மனிதர் ஓய்வூதியம் வாங்குகிறார், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் அதை லேமினேட் செய்து ஹாலில் மாட்டியிருக்கிறார்.

அந்தக் கடுப்பில்தான் இதையெல்லாம் நன்றாக எழுதுகிறவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க, அமெரிக்காவில் பத்திரிகை எழுத்துக்குத் தரும் புலிட்சர் பரிசின் இணையதளத்துக்குப் போனேன். ஒரு மாதமாகப் படித்ததை வைத்து இந்த மதிப்புரை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இலவசம். கணக்குத் தொடங்கச் சொல்லி நச்சரிப்பது இல்லை. 1995-லிருந்து பரிசு வாங்கிய கட்டுரைகளில் நிறைய அங்கேயே முழுசாகக் கிடைக்கின்றன, இறுதிச் சுற்று வரை வந்தவர்களின் பட்டியலும் உண்டு. சிறப்புக் கட்டுரைக்கான பிரிவு 1979-இல் தொடங்கியது. முதல் பரிசே பால்டிமோர் நகரத்து மாலைப் பத்திரிகையில் எழுதிய ஜான் ஃபிராங்க்ளினுக்குத்தான் போனது. அது ஒரு மூளை அறுவை சிகிச்சையின் கதை, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நகரும், விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஓடுகிறவன் படித்தால் ‘அட, இது ரேஸ் ரிப்போர்ட் மாதிரியே இருக்கே’ என்று தோன்றும். சோகம் என்னவென்றால் 1995-க்கு முந்தையது என்பதால் தளத்தில் பெயரும் குறிப்பும்தான், கட்டுரையை வேறு எங்காவது தேட வேண்டும்.

அப்புறம் குறை. விளையாட்டுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. ஓட்டம், நீச்சல் என்று வடிகட்டிப் பார்க்கவும் வழியில்லை, நான் வருடம் வருடமாகத் திறந்துதான் தோண்டினேன். தொழிலாக இல்லாமல் ஆசைக்காக விளையாடும் அமெச்சூர் ஆட்களைப் பற்றியது வேண்டும் என்றால் இன்னும் கஷ்டம். எனக்குக் கிடைத்ததில் மூன்றைச் சொல்கிறேன்.

2013-இல் பரிசு வாங்கியது நியூயார்க் டைம்ஸின் ஜான் பிராஞ்ச் எழுதியது. 2012 பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்து மலையில் 16 பேர் பனிச்சறுக்கப் போய், பனிச்சரிவில் மூன்று பேர் இறந்த கதை. இணையத்தில் படமும் அசைவுமாக வந்து அப்போது பெரிய பேச்சானது. எனக்குப் பிடித்தது அந்த ஜிகினா அல்ல, பனி எப்படி அடுக்கடுக்காகப் படிகிறது, எந்த அடுக்கு பிடிப்பு இல்லாமல் நிற்கிறது என்று பொறுமையாகச் சொல்லும் இடங்கள்.

இரண்டாவது 1997-இல் பரிசு வாங்கியது, பால்டிமோர் சன் பத்திரிகையின் லிசா போலக் எழுதியது. இது தொழில்முறை பேஸ்பால் நடுவர் ஒருவரைப் பற்றியது, அமெச்சூர் இல்லைதான். ஆனால் உள்ளூர்ப் பத்திரிகை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். 1996-இல் பால்டிமோர் அணியின் நட்சத்திரம் ராபர்டோ அலோமார், ஜான் ஹிர்ஷ்பெக் என்ற நடுவரின் முகத்தில் துப்பிவிட்டார், நாடே அதைப் பேசியது. அந்த ஊர்ப் பத்திரிகை தன் ஊர் வீரருக்கு வக்காலத்து வாங்காமல், துப்பு வாங்கிய மனிதரின் குடும்பத்தைப் பற்றி எழுதியது. அவருடைய ஒரு மகன் எட்டு வயதில் அரிய மூளை நோயில் இறந்திருந்தான், தம்பிக்கும் அதே நோய். நம் ஊரில் ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் இப்படிச் செய்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்போம் என்று யோசித்துக்கொண்டே படித்தேன்.

மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. மிட்செல் எஸ். ஜாக்சன் 2020-இல் எழுதி அடுத்த வருடம் பரிசு வாங்கியது. செய்தித்தாளில் வந்ததல்ல, ஓட்டக்காரர்களுக்கான ஒரு இதழில் வந்தது (இந்தப் பிரிவைப் பின்னாளில் இதழ்களுக்கும் திறந்துவிட்டார்கள்). அகமத் ஆர்பெரி, 25 வயது, ஜார்ஜியா மாநிலம் பிரன்ஸ்விக் ஊர்க்காரர், பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். 2020 பிப்ரவரி 23 மதியம் ஒரு குடியிருப்புப் பகுதியில் ஓடிக்கொண்டிருந்தவரை வண்டியில் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள். ஜாக்சன் அந்தக் கடைசி நிமிடங்களைக் கடிகார நேரம் போட்டு எழுதுகிறார், நடுவில் ஜாகிங் என்ற பழக்கம் நியூசிலாந்திலிருந்து பில் பவர்மன் என்ற ஓட்டப் பயிற்சியாளர் வழியாக அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்துக்கு எப்படி வந்தது என்று போய்த் திரும்புகிறார். தெருவில் நிம்மதியாக ஓடும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. எங்கும் ‘உத்வேகம்’ என்ற வாசனையே இல்லை. அந்தப் பையனின் குடும்பம், அவன் ஆடிய ஆட்டம், செல்லப் பெயர் எல்லாம் இருக்கிறது, அதனால்தான் வலிக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் கடினம், கறுப்பின மக்களின் பேச்சுமொழி கலந்தது. நான் இரண்டு முறை படித்தேன்.

இதையெல்லாம் படித்தபின் நம் மாவட்டப் பக்கங்களைத் திறந்தால், பாவம், எழுதுகிறவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஒரு நாளில் நாலு செய்தி அனுப்ப வேண்டியவருக்கு ஓட்டக்காரர் கூடவே காலை ஐந்து மணிக்கு வந்து நிற்க ஏது நேரம்? ஆனாலும் முடித்த நேரத்தைச் சரியாகப் போடுவதற்கு விருதெல்லாம் தேவையில்லை, சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் போதும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன், விளையாட்டு வாரியாக வடிகட்டும் வசதி இல்லாததற்கு ஒன்று குறைத்தேன். பனிச்சரிவுக் கட்டுரையைப் பெரிய திரையில் படியுங்கள். நடுவர் கதையை அலுவலகத்தில் வைத்துப் படிக்காதீர்கள், நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வர வேண்டியிருந்தது.