ஆளி விதை ஜெல்: ஸ்மூத்தனிங்கை விட்டுச் சுருளுக்குத் திரும்புகிறவர்களுக்கு

கும்பகோணம், மாயவரம் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் ஆளி விதை கிடைக்கும். பார்லரில் ஸ்மூத்தனிங் போட்டு நேராக்கிய பிறகு வேரில் சுருள் வளர்ந்து, பாதி சுருள், பாதி நேர் என்று ரெண்டுங்கெட்டானாக நிற்கும் தலைக்கு, அதைக் காய்ச்சி எடுக்கும் ஜெல் கடை டப்பாக்களுக்குச் சளைத்ததல்ல.

வாங்குமுன், பார்லரில் செய்தது எது என்று பாருங்கள். கெரட்டின் (முடிமேல் பூச்சு ஏற்றி இஸ்திரி போடுவது) என்றால் சில மாதங்களில் பெரும்பாலும் அலசலிலேயே போய்விடும். ஸ்மூத்தனிங் போகாது. அதில் போடும் தயோகிளைகோலேட், முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. அடுத்துப் பூசும் மருந்து நேராக்கிய நிலையிலேயே பூட்டிவிடுகிறது. கறுப்பினப் பெண்கள் முடியை நேராக்கப் போட்டுக்கொள்ளும் ரிலாக்ஸர் பலவற்றில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. மருந்து வேறானாலும் கதை ஒன்றுதான்: நேரானது மறுபடி சுருளாது. மாதம் சுமார் 1.25 செ.மீ. புதுசு வளர வளர, பழசை வெட்ட வேண்டும். நேரான முடியை ஒரேயடியாக வெட்டும் 'பிக் சாப்' கறுப்பினப் பெண்களிடம் சகஜம். தை பிறந்தால் கல்யாணம், பூ ஜடை என்றிருக்கும் நம் வீடுகளில் யார் சம்மதிப்பார்கள்? வெட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்கும் அந்த நாட்களில்தான் ஜெல்லுக்கு வேலை.

கால் கப் விதைக்கு 2 கப் தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊரென்றால் குடிதண்ணீரையே ஊற்றுங்கள். மிதமான தீயில் கிளறினால் 7 முதல் 10 நிமிடத்தில் நுரை கட்டும். கரண்டியைத் தூக்கினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் இறங்கும். உடனே அணைத்து, சூட்டோடு வடிகட்டுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆறட்டும் என்று விட்டால் விதையோடு கெட்டிப்பட்டு, எவ்வளவு பிழிந்தாலும் இறங்காது. டீ வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நைலான் சாக்ஸில் ஊற்றி இடுக்கியால் வழித்தால் சுலபம். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். நம்மூர் வெக்கையில் வெளியே வைத்தால் சீக்கிரமே புளித்த வாடை வந்துவிடும்.

புதுசும் பழசும் சேரும் கணுதான் முடி ஒடியும் இடம். அந்தக் கணுவில் ரப்பர் பேண்டை இறுக்காதீர்கள், காய்ந்த தலையில் சீப்பு வைக்காதீர்கள். கண்டிஷனர் வழுக்கும்போதே அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்து அலசுங்கள். சொட்டும் ஈரத்தில் ஜெல் தடவி, இரண்டிரண்டு புரியாக முறுக்கி, நுனியைத் துணிக் கீற்றில் சுற்றிக் கட்டுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே பிரிக்க வேண்டும். அரை ஈரத்தில் பிரித்தால் பஞ்சாகப் பறக்கும். ஆப்பிரிக்கச் சுருளுக்கு இதோடு ஷியா வெண்ணெய் மாதிரி கனமான எதையாவது சேர்ப்பார்கள். நம் சுருளுக்கு அது பெரும்பாலும் பாரம். 2 சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும்.

குறை இல்லாமல் இல்லை. ஐப்பசி அடைமழையில் பிடிப்பு தளர்ந்து பிசுபிசுக்கும், முறுக்கிய முடி விடிந்தும் காயாது. தலைக்குப் போடும் க்ரீமோடு ஜெல் சேராவிட்டால் வெள்ளைத் துகள் பொடுகு போல உதிரும். உள்ளங்கையில் இரண்டையும் குழைத்துப் பாருங்கள். திரிந்தால் அந்த க்ரீம் வேண்டாம்.

நுனியை 8 முதல் 10 வாரத்துக்கு ஒருமுறை ட்ரிம் செய்யுங்கள். பார்லர் நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "நுனி வறண்டிருக்கே, கெரட்டின் போட்டுடலாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த இஸ்திரிச் சூட்டில் வளர்ந்து வந்த புதுச் சுருளும் தளர்ந்துவிடும்.