வீட்டு அலாரம்: கருவிக்கு நாலு மார்க், ஒப்பந்தத்துக்குப் பூஜ்யம்

எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிற அலாரம் எப்படி என்று யாராவது கேட்டால் என்னிடம் இரண்டு பதில் இருக்கிறது. கருவிகளுக்கு ஐந்துக்கு நாலு மார்க் தாராளமாகப் போடுவேன். அதோடு சேர்த்து விற்ற மாதச் சந்தா ஒப்பந்தத்துக்கு ஒரு மார்க்கூடப் போட மனசு வரவில்லை. இரண்டும் ஒரே நிறுவனத்திடமிருந்து, ஒரே நாளில், ஒரே ஆள் கையால் வந்தவை. வீட்டுக்கு அலாரம் வாங்கப்போகிறவர்கள் சென்சார் எத்தனை தருகிறார்கள், ஆப் பார்க்க எப்படி இருக்கிறது என்பதிலேயே பாதி நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். ஆனால் சில வருஷம் கழித்துக் கட்டிய பணத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைதான். அதனால் இந்த விமர்சனத்தில் கருவியைப் பற்றியும் சொல்கிறேன், காகிதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேன்.

முதலில் கருவி. எங்களுடையது வயர்லெஸ் செட். ஒரு கண்ட்ரோல் பேனல், வாசல் பக்கம் ஒரு கீபேட், கதவுகளுக்கும் தரைத்தள ஜன்னல்களுக்கும் காந்த சென்சார், கூடத்தில் ஒரு மோஷன் சென்சார், வெளிச்சுவரில் ஒரு சைரன். அவ்வளவுதான். கேமரா தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம், அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. கேமரா நடந்ததைக் காட்டும். கதவு திறந்த அந்த நொடியில் சத்தம் போட்டு ஆளைத் துரத்துவது சென்சாரும் சைரனும்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கதவு சென்சார். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். கதவில் இருக்கிற காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், கதவு திறந்து காந்தம் விலகினால் பிரிந்துவிடும். ரீட் ஸ்விட்ச் என்று பெயர். 1936-இல் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கியது, இத்தனை வருஷம் கழித்தும் இதைவிட மலிவாகவும் உறுதியாகவும் கதவைக் காவல் காக்க வேறொன்று வரவில்லை. ஒரே ஒரு விஷயம், சென்சாருக்கும் காந்தத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. பொதுவாக ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மரக் கதவு மழைக்காலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், கீல் தளர்ந்தால் கொஞ்சம் தொங்கும். டெக்னீஷியன் மாட்டும்போது சரியாக இருந்த இடைவெளி நாளாக ஆகக் கூடிவிட்டால் நடுராத்திரியில் காரணமே இல்லாமல் அலறும். எங்கள் பின்கதவில் டெக்னீஷியன் காந்தத்துக்கு அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்து மாட்டினார், அதற்கப்புறம் அந்தக் கதவிலிருந்து ஒரு பொய் அலாரமும் வந்ததில்லை. உங்கள் வீட்டில் மாட்டும்போதும் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒட்டுகிற டேப்பை மட்டும் நம்பாமல் ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள்.

மோஷன் சென்சார் கொஞ்சம் நுணுக்கமான ஆள். அது அசைவைப் பார்ப்பதில்லை, உடம்பிலிருந்து வருகிற வெப்பம் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நகர்வதைத்தான் கவனிக்கிறது. அதனால் சென்சாரை நோக்கி நேராக நடந்துவருகிறவரைவிட, அதற்குக் குறுக்கே நடக்கிறவரைச் சீக்கிரம் பிடித்துவிடும். இது தெரிந்தால் மாட்டுகிற இடம் தானாகப் புரிந்துவிடும்: வாசலுக்கு எதிர்ச் சுவரில் நேராக வைப்பதைவிட, உள்ளே வருகிறவர் குறுக்கே கடக்கிற மாதிரி ஒரு மூலையில், தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில். வெயில் நேரடியாக விழுகிற ஜன்னலைப் பார்க்கக் கூடாது, ஏசி காற்றோ ஹீட்டர் காற்றோ அடிக்கிற இடத்தைப் பார்க்கக் கூடாது. நாய், பூனை இருக்கிற வீட்டுக்கு என்று தனி மாடல் உண்டு, அதில் இத்தனை கிலோ வரை கண்டுகொள்ளாது என்று எழுதியிருப்பார்கள். ஆனால் பூனை சோபாவின் மேல் ஏறி அலமாரிக்குத் தாவினால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வயரா, வயர்லெஸ்ஸா என்று கேட்டால், புதிதாக வீடு கட்டுகிறவர்கள் சுவர் பூசுவதற்கு முன்பே வயர் இழுத்துவிடுங்கள் என்பேன். செல் மாற்றுகிற வேலை இல்லை, அலைவரிசையை மறிக்க முடியாது, பல வருஷம் ஓடும். ஏற்கெனவே குடியிருக்கிற வீடு என்றால் வயர்லெஸ்தான் நடைமுறை. ஒரு சென்சாரின் செல் சில வருஷம் தாங்கும், தீர்கிற சமயத்தில் பேனல் எச்சரிக்கும். வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஒரு சென்சார் செத்துவிட்டாலோ யாராவது பிடுங்கிவிட்டாலோ பேனலுக்குத் தெரியுமா? நல்ல செட்டில் பேனலும் சென்சாரும் அவ்வப்போது ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும், பதில் வராவிட்டால் உடனே சொல்லும். மலிவு செட்கள் பலவற்றில் சென்சார் பேசும், பேனல் கேட்கும், அதோடு சரி. அது பேசாமல் போனால் யாருக்கும் தெரியாது. ஐரோப்பாவில் விற்கிற கருவி என்றால் EN 50131 என்ற தரக்குறியீட்டில் ஒன்றிலிருந்து நாலு வரை கிரேடு போட்டிருப்பார்கள், சாதாரண வீடுகளுக்கு இரண்டாவது கிரேடுதான் பெரும்பாலும் சொல்லப்படுவது.

அப்புறம், செய்தி எந்த வழியாக வெளியே போகிறது என்பது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வைஃபை மட்டும் இருக்கிற அலாரத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். கரண்ட் போனால் ரௌட்டர் போச்சு, ரௌட்டர் போனால் அலாரம் ஊமை. எங்கள் பேனலுக்குள் பேட்டரியும் இருக்கிறது, மொபைல் சிம்மும் இருக்கிறது. மாட்டிவிட்டு ஆள் கிளம்புவதற்கு முன் ரௌட்டர் பிளக்கைப் பிடுங்கி, பேனலின் மின் இணைப்பையும் எடுத்துவிட்டு, வாசல் கதவைத் திறந்து பார்த்தோம். சைரன் அலறியது, சிம் வழியாகச் செய்தி போனது, சந்தா கட்டுகிற நிறுவனத்தின் கண்காணிப்பு மையத்திலிருந்து போன் வந்தது. இந்தச் சோதனையைச் செய்துகாட்ட முகம் சுளிக்கிற நிறுவனத்திடம் வாங்காதீர்கள்.

சிம் விஷயத்தில் இன்னொன்று. எந்தத் தலைமுறை நெட்வொர்க்கில் வேலை செய்கிறது என்று கேளுங்கள். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற மொபைல் நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜி சேவையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த வீட்டு அலாரங்களில் தொடர்பு மாட்யூலையே மாற்ற வேண்டியிருந்தது. பழைய சரக்கைத் தள்ளிவிடுகிற விற்பனையாளர் இதையெல்லாம் தானாகச் சொல்ல மாட்டார். மாட்யூலை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா, மாற்றினால் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இனி கண்காணிப்பு. மாதாமாதம் நாம் பணம் கட்டுவது இதற்குத்தான், ஆனால் இதில் நடப்பது என்ன என்று பலருக்குச் சரியாகச் சொல்லப்படுவதில்லை. அலாரம் அடித்தவுடன் போலீஸ் கிளம்பி வந்துவிடும் என்கிற மாதிரிதான் விளம்பரம் எல்லாம் இருக்கும். நிஜத்தில் பேனலிலிருந்து மையத்துக்கு ஒரு சிக்னல் போகிறது, அங்கே இருக்கிற ஒருவர் உங்களைக் கூப்பிடுகிறார், ரகசிய வார்த்தை கேட்கிறார், நீங்கள் எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுகிறார், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். அலாரங்களில் மிகப் பெரும்பாலானவை பொய் அலாரங்கள் என்பதால் எத்தனையோ நகரங்களில் போலீஸ் இவற்றுக்கு முன்னுரிமை தருவதில்லை. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2000-ஆம் ஆண்டிலேயே, யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் போலீஸ் வரும் என்று மாற்றிவிட்டார்கள். திரும்பத் திரும்பப் பொய் அலாரம் வந்தால் வீட்டுக்காரருக்கு அபராதம் போடுகிற ஊர்களும் உண்டு. ஆகவே உங்கள் பகுதியில் போலீஸ் என்ன விதி வைத்திருக்கிறது என்று நீங்களே விசாரித்துவிட்டு, அதற்கப்புறம் சந்தாவைப் பற்றி யோசியுங்கள். பக்கத்திலேயே சொந்தக்காரர்கள் இருந்து, போனில் செய்தி வந்தால் ஓடிவந்து பார்க்க ஆள் இருந்தால், சந்தா இல்லாமலே ஒரு நல்ல செட் போதும். வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடு, அடிக்கடி பூட்டிக்கிடக்கிற வீடு, இரவு ஷிஃப்டில் போனை எடுக்க முடியாதவர்கள் என்றால் சந்தா கட்டுவது நியாயம். எங்கள் வீடு இரண்டாவது வகை, அதனால் கட்டுகிறோம். மையத்தில் போனை எடுக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் நிதானமாகப் பேசினார்கள், வார்த்தை தப்பாகச் சொன்னால் விடவே மாட்டார்கள். அந்த நாலு மார்க்கில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

பூஜ்யம் எதற்கு என்று இப்போது சொல்கிறேன். கருவி இலவசம் என்றார்கள். இலவசம் என்றால் அதன் விலையைப் பல வருஷச் சந்தாவில் கரைத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம், அதைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம், அது வரைக்கும் பரவாயில்லை. ஒப்பந்தக் காலம் முடிகிற சமயத்தில், தொடர விருப்பமில்லை என்று குறிப்பிட்ட கெடுவுக்குள் மின்னஞ்சல் அனுப்பினோம். எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றுதான் ஒப்பந்தத்தில் இருந்தது. மின்னஞ்சல் எழுத்தில் சேராது, தபாலில் வந்திருக்க வேண்டும், இப்போது கெடு தாண்டிவிட்டது, அதனால் இன்னொரு வருஷத்துக்குத் தானாகப் புதுப்பித்தாகிவிட்டது என்று பதில் வந்தது. அந்த வரியைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நம்முடைய பயத்தை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் குறைந்தபட்சம் நேர்மையாகவாவது இருக்க வேண்டாமா? வீட்டுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்கிற கவலையில்தான் ஒருவர் இதை வாங்குகிறார், அந்தக் கவலைக்கே வட்டி வசூலிக்கிற வேலை இது.

அதைவிட மோசமானது இன்ஸ்டாலர் கோடு. வீட்டுக்காரர் தினமும் அழுத்துகிற எண் வேறு, பேனலின் உள் அமைப்புகளை மாற்றுவதற்கு டெக்னீஷியன் பயன்படுத்துகிற எண் வேறு. அந்த இரண்டாவது எண் இல்லாமல் வேறொரு மையத்தோடு பேனலை இணைக்க முடியாது. சில பேனல்களில் அதைப் பூட்டியும் வைக்கலாம், பூட்டிவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பி முதலிலிருந்து ஆரம்பிக்கவும் வழி இருக்காது. கருவி எங்களுக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க, அந்த எண்ணைத் தர மாட்டோம் என்று இழுத்தடித்தார்கள். ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தையும், மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததற்கு அவர்களே தானியங்கியாக அனுப்பிய ரசீதையும் இணைத்து, மேலிடத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதி, நுகர்வோர் புகாருக்குப் போகப்போகிறோம் என்று சொன்ன பிறகுதான் புதுப்பித்தலையும் ரத்து செய்தார்கள், இன்ஸ்டாலர் எண்ணையும் கொடுத்தார்கள். இப்போது அதே கருவிகள், வேறு கண்காணிப்புச் சேவை, எந்த மாதம் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்கிற ஏற்பாடு. மாதக் கட்டணம் முன்பைவிடக் குறைவுதான்.

ஆகவே கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை: கருவி யாருக்குச் சொந்தம், இன்ஸ்டாலர் கோடு எப்போது கைக்கு வரும், காலம் முடிந்தால் தானாகப் புதுப்பிக்குமா, நிறுத்துவதாக இருந்தால் எத்தனை நாள் முன்னால் எந்த வழியில் சொல்ல வேண்டும், நடுவில் கட்டணத்தை ஏற்ற அவர்களுக்கு உரிமை இருக்கிறதா, வீடு மாறினால் என்ன. பொறுப்பு பற்றிய பத்தியையும் படியுங்கள், அலாரம் வேலை செய்யாமல் திருட்டு நடந்தாலும் நிறுவனம் தருவது ஒரு சின்னத் தொகைதான் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதி வைத்திருப்பார்கள். அதனால் அலாரம் இருக்கிறது என்று வீட்டுக் காப்பீட்டை நிறுத்திவிடாதீர்கள். அலாரத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் ஏதாவது தள்ளுபடி தருமா, தந்தால் என்ன சான்றிதழ் கேட்கும் என்பதையும் கருவி வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் கேட்டால் நம் மாடல் அவர்கள் பட்டியலில் இல்லாமல் போகலாம்.

வீட்டு வாசலுக்கே வந்து, இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை என்று அவசரப்படுத்துகிறவர்களை அனுப்பிவிடுங்கள். அமெரிக்காவில் இப்படி வீட்டில் வைத்து விற்கிற பெரும்பாலான விற்பனைகளை மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யச் சட்டமே இடம் தருகிறது. மற்ற நாடுகள் பலவற்றிலும் இப்படிப்பட்ட விதிகள் உண்டு. உங்கள் இடத்தில் என்ன விதி என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிக்கு ஒரு மார்க் குறைத்ததற்குக் காரணம் கீபேட். இருட்டில் எண்கள் சரியாகத் தெரிவதில்லை, உள்ளே வந்து அலாரத்தை நிறுத்துகிற எண்ணை அழுத்தக் கிடைக்கிற அரை நிமிஷத்தில் அம்மா இரண்டு மூன்று தடவை தடுமாறிவிட்டார். நேரத்தைக் கொஞ்சம் நீட்டிவைத்து, ஒரு சின்ன ரிமோட்டும் வாங்கிக் கொடுத்த பிறகு பிரச்சினை இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கடையில் வைத்தே அவர்கள் கையில் கீபேடைக் கொடுத்து அழுத்தச் சொல்லிப் பாருங்கள்.