பூவின் படம் போட்ட இலைப் பொட்டலம்

கோத்தகிரிச் சாலையில் உள்ள மூலிகைத் தேநீர்க் கடையொன்றில் சென்ற மாதம் 'ஹனிசக்கிள், சீனப் பாரம்பரிய மூலிகை' என்று அச்சிட்ட பொட்டலம் ஒன்றை வாங்கினேன். எடை 50 கிராம், விலை 220 ரூபாய். நல்ல தேயிலையே அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மலையில் இது கூடுதல்தான் என்றாலும், தொண்டைக் கரகரப்பு ஒரு வாரமாக விடாமல் படுத்தியதால் பேரம் பேசும் நிலையில் நான் இல்லை. மூன்று வாரம் குடித்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

உறையின் முன்புறத்தில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்துக் குலுங்கும் கொடியின் படம் இருக்கிறது. பிரித்தால் உள்ளே பூ ஒன்றுகூட இல்லை; காய்ந்து சுருண்ட இலைகளும் இடையிடையே தண்டுத் துண்டுகளும் மட்டுமே. மறுமுறை அந்தப் பக்கம் போனபோது கேட்டேன். "இலைக்கும் பூவுக்கும் குணம் ஒண்ணுதாங்க சார்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது முழுப் பொய்யன்று.

வெள்ளையாக விரிந்து ஓரிரு நாளில் மஞ்சளாக மாறும் இந்தப் பூவைச் சீனர்கள் 'ஜின் யின் ஹுவா', அதாவது பொன்வெள்ளிப் பூ என்கிறார்கள். பனிக்காலத்திலும் இலை உதிராமல் நிற்பதால் கொடிக்கு 'ரென் டோங்', குளிரைப் பொறுப்பது, என்று பெயர். பழைய வைத்தியத்தில் முதலில் பயன்பட்டவை தண்டும் இலையுமே. பூ புகழ் பெற்றது பிற்காலத்தில்தான். 16-ஆம் நூற்றாண்டு மருத்துவரான லீ ஷிசென் தண்டு, இலை, பூ ஆகிய மூன்றின் பயனும் ஒன்றே என்று எழுதியிருக்கிறார். ஆகவே கடைக்காரரின் கட்சியில் பெரிய மனிதர் ஒருவர் இருக்கிறார். ஆனால் இன்றைய சீன அரசின் மருந்து நூல் மொட்டையும் கொடித்தண்டையும் இரு வேறு சரக்குகளாகவே பிரித்து வைத்திருக்கிறது. காய்ச்சல், தொண்டைப்புண், கட்டி ஆகியவற்றுக்கு மொட்டு. காய்ச்சல், கட்டி ஆகியவற்றோடு சிவந்து வீங்கிய மூட்டு வலிக்கும் தண்டு. விரிவதற்கு முன்பே கையால் பறித்துக் காயவைக்க வேண்டியிருப்பதால் மொட்டுக்குத்தான் விலை அதிகம். இலையை விற்பதில் குற்றமில்லை. பூவின் படத்தைப் போட்டு, பூவின் விலையை வாங்கிக்கொண்டு இலையை விற்பதுதான் உறுத்துகிறது.

அளவு விஷயத்தில் குறை இன்னும் பெரியது. ஒரு தேக்கரண்டி இலையை ஒரு கோப்பை வெந்நீரில் மூன்று நிமிடம் ஊறவிடுமாறு உறை சொல்கிறது. சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். காய்ந்த இலை காற்றுப் போல் இருப்பதால் ஒரு கரண்டி ஒரு கிராம்கூடத் தேறவில்லை. மேற்சொன்ன மருந்து நூல் மொட்டுக்கு நாளொன்றுக்கு 6 முதல் 15 கிராம் வரையும், தண்டுக்கு 9 முதல் 30 கிராம் வரையும் குறிக்கிறது. 9 கிராம் என்று வைத்துக்கொண்டாலே இந்தப் பொட்டலம் ஆறாவது நாள் தாண்டாது. ஆகவே உறை சொல்லும்படி குடிப்பவருக்குக் கிடைப்பது மணமூட்டிய வெந்நீரே தவிர, பாரம்பரிய மருந்து அன்று.

அந்த மூன்று நிமிடமும் சமவெளிக்காரர் போட்ட கணக்கு போலிருக்கிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். என் வீட்டில் மூன்று நிமிடம் ஊறிய கோப்பை வைக்கோல் நிறத்தில், புல் மணத்தோடு, ருசியே இல்லாமல் இருந்தது. மறுநாள் இரண்டு கோப்பைத் தண்ணீரில் ஒரு கைப்பிடி இலையைப் போட்டு, கஷாயம் வைப்பது போல் ஒரு கோப்பையாகச் சுண்டவிட்டேன். பச்சை கலந்த பழுப்பு நிறம் இறங்கியது; நிலவேம்பின் பக்கத்தில்கூட நிற்க முடியாத இளங்கசப்பும், நாக்கின் ஓரத்தில் சிறு துவர்ப்பும் தெரிந்தன. மொட்டாக இருந்தால் இப்படிச் சுண்டவிடக் கூடாது, மணம் எழுந்ததுமே இறக்கிவிட வேண்டும் என்பது சீன முறை. இலைக்கும் தண்டுக்கும் அந்த நாசூக்கு தேவையில்லை.

ஊறிய இலைகளை வெள்ளைத் தட்டில் விரித்தும் பார்த்தேன். கணுவுக்குக் கணு எதிரெதிராக இரண்டு இலைகள், விளிம்பில் மெல்லிய ரோமம், குறுக்கே வெட்டினால் குழலாக இருக்கும் தண்டு. சரக்கு அசல்தான் என்ற நிம்மதி அப்போதுதான் வந்தது. இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு: ஆங்கிலப் பெயர்ப் பட்டியல்களில் ரங்கூன் மல்லிக்கும் 'சைனீஸ் ஹனிசக்கிள்' என்ற பெயர் இருக்கிறது, வெள்ளையாகப் பூத்துச் சிவப்பாக மாறும் அந்தக் கொடிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. போதாக்குறைக்கு, லோனிசெரா லெஷனால்டியை என்ற, ஹனிசக்கிளின் உறவுக்கொடி நம் சோலைக்காடுகளிலேயே இருக்கிறது. சீன மருந்தில் சேர்வது லோனிசெரா ஜப்போனிக்கா. அந்த ஒரு வரியை உறையில் அச்சிட்டிருந்தால் எனக்குத் தட்டும் கத்தியும் தேவைப்பட்டிருக்காது.

மாறாக, பின்புறத்தில் ஒரு கதையை அச்சிட்டிருக்கிறார்கள்: ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள நடுவட்டத்துக்கு வந்த சீனக் கைதிகள் இந்தக் கொடியைக் கொண்டுவந்தார்களாம். 1860-களில் சீனக் கைதிகள் நடுவட்டத்தில் இருந்தது உண்மை. அவர்களைக் கொண்டுவந்தது மலேரியா மருந்துக்கான பட்டையைத் தரும் சின்கோனா மரத் தோட்ட வேலைக்கு. கைதியாக வந்தவர் மூலிகை நாற்றும் கொண்டுவந்தார் என்பதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அந்த இடத்தில் எழுதியிருக்க வேண்டியது எச்சரிக்கை. இக்கொடியின் கறுத்த பழம் உண்ணத்தக்கதன்று. வயிறு மந்தமாகவும் பேதியாகவும் இருப்பவர்களுக்குச் சீன வைத்தியர்களே இதைக் கொடுக்கத் தயங்குவார்கள், ஏனெனில் அவர்கள் கணக்கில் இது குளிர்ச்சி. நான்காம் நாள் வெறும் வயிற்றில் குடித்த எனக்கு அது அனுபவமாகவே கிடைத்தது. "குளிர்ச்சின்னு தெரிஞ்சா ஒரு துண்டு சுக்கு தட்டிப் போட வேண்டியதுதானேப்பா" என்றார் அத்தை. அதன் பிறகு தொந்தரவு இல்லை.

தொண்டை சரியானதா என்றால், ஐந்தாம் நாள் சரியானது. அதே ஐந்து நாளும் உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளித்தேன், கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தேன். எனவே பெருமையை இலைக்கு மட்டும் எழுதிவைக்க முடியாது.

உறையின் வாயை அழுத்தி மூடும் பட்டையும் சரியாக ஒட்டவில்லை. இரண்டு நாள் மூடுபனிக்கே இலை நமுத்துப்போய்விட்டதால் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றினேன். இதே கடையின் எலுமிச்சைப்புல் தேநீரைத் தயங்காமல் வாங்குவேன். இதை, உறையில் தாவரப் பெயரும் உறுப்பின் பெயரும் போட்டு, விலையைப் பாதியாக்கினால் வாங்குவேன். புட்டியில் இன்னும் கால்வாசி இருக்கிறது. அதைச் சுக்கோடு சேர்த்துக் குடித்துத் தீர்ப்பதாக உத்தேசம்.