ஃபிராங்க்ஸா, பிரிட்டன்ஸா? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் எதை எடுப்பது

கணினியை வென்று பழகிவிட்டு ஆன்லைன் ரேங்க் ஆட்டத்துக்குள் முதல்முறை நுழையும்போது இந்தக் கேள்வி வரும். ஃபிராங்க்ஸ், பிரிட்டன்ஸ் இரண்டுமே 1999-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருக்கும் நாகரிகங்கள். ஃபிராங்க்ஸுக்குக் குதிரை, பிரிட்டன்ஸுக்கு வில். 'எது பலமானது' என்று விசாரிப்பதைவிட எது எந்த வளத்தைத் தின்கிறது என்று பார்த்தால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

குதிரைவீரனான நைட்டின் விலை 60 உணவு, 75 தங்கம். வில்லாளியான ஆர்ச்சரின் விலை 25 மரம், 45 தங்கம். வேலை செய்யும் குடிமகனான வில்லேஜருக்கும் 50 உணவு வேண்டும். அப்படியானால் ஃபிராங்க்ஸ் ஆட்டத்தில் ஒரே பானையிலிருந்து குடிமக்களுக்கும் படைக்கும் சோறு போக வேண்டும். நைட் ஒன்று உருவாக 30 விநாடி ஆகும். நைட் உருவாகும் இரண்டு ஸ்டேபிள் (லாயம்) நிற்காமல் ஓடினால் நிமிடத்துக்கு 240 உணவும் 300 தங்கமும் செலவு. ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டர் ஒன்றில் 25 விநாடிக்கு ஒரு வில்லேஜர் என்றால் அதற்கு இன்னும் 120 உணவு. மொத்தம் 360. இதற்குக் குறைந்தது 16, 17 வயல்கள் வேண்டும். ஆட்டத்தின் மூன்றாவது காலமான காசில் ஏஜில் ஸ்டேபிள் சும்மா நிற்பதைப் பார்த்துத் தவிப்பவர்களில் பலர் பத்துப் பன்னிரண்டு வயலோடு மேலேறியவர்கள்தான்.

ஃபிராங்க்ஸின் சலுகைகள் இந்த இடத்தில்தான் கைகொடுக்கின்றன. மில் (ஆலை) ஒன்று இருந்தால் போதும், வயல் அப்கிரேடுகள் எல்லாம் இலவசம். மற்றவர்கள் ஹார்ஸ் காலருக்கு 75 உணவும் 75 மரமும், ஹெவி ப்ளோவுக்கு 125 உணவும் 125 மரமும் கொடுக்கும்போது இவர்களுக்கு ஏஜ் மாறியதும் தானாகக் கிடைத்துவிடும். பெர்ரி பறிப்பதும் வேகம். தொடக்கத்தில் முதல் ஆறு பேரை ஆட்டுக்கும், அடுத்த மூன்று நான்கு பேரை மரத்துக்கும், அடுத்தவரைக் காட்டுப்பன்றி இழுக்கவும் அனுப்பி, அதற்குப் பின் வரும் நால்வரைப் பெர்ரிக்கு விடுங்கள். மறதியால் ஓர் அப்கிரேடைத் தவறவிட்டாலும் ஆட்டம் கெட்டுப்போகாத நாகரிகம் இது.

இரண்டாவது சலுகை, இரண்டாவது காலமான ஃபியூடல் ஏஜ் முதல் குதிரைப்படைக்கு 20% கூடுதல் உயிர். நைட்டுக்கு 100-க்குப் பதில் 120, நைட்டின் உச்ச நிலையான பலாடினுக்கு 160-க்குப் பதில் 192. மற்றவர்கள் ப்ளட்லைன்ஸ் என்ற அப்கிரேடுக்கு 150 உணவும் 100 தங்கமும் கொடுத்து வாங்கும் +20 இங்கே சும்மாவே வருகிறது. ஃபிராங்க்ஸுக்கு ப்ளட்லைன்ஸ் கிடையாது என்பதை மறக்காதீர்கள். அதனால் ஃபியூடலில் இவர்களின் ஸ்கௌட்டுக்கு (தொடக்கநிலைக் குதிரைவீரன்) 54 உயிர்தான். ப்ளட்லைன்ஸ் வாங்கிய எதிரி ஸ்கௌட்டுக்கு 65. ஸ்கௌட்டுக்கு ஸ்கௌட் மோதி நேரத்தை வீணாக்காமல், வில்லேஜரைத் துரத்திவிட்டுக் காசில் ஏஜுக்கு விரைவதே சரி.

அந்த 20 உயிர் என்ன செய்யும்? இரு பக்கமும் காசில் ஏஜ் அப்கிரேடுகளை முடித்திருந்தால் ஆர்ச்சரின் அடுத்த நிலையான கிராஸ்போ அம்பின் தாக்குதல் 7, நைட்டின் அம்புக் கவசம் 4. ஓர் அம்புக்கு மூன்று உயிர் போகும். 18 கிராஸ்போ ஒருமுறை எய்தால் 54. ப்ளட்லைன்ஸ் இல்லாத சாதாரண நைட் இரண்டு சுற்றில் விழும். ஃபிராங்க் நைட்டை வீழ்த்த மூன்றாவது சுற்று வேண்டும், அதுவும் எல்லா அம்பும் பட்டால். சுற்றுக்கு இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியில் நைட் வில்லாளிகளின் மேல் வந்துவிடும்.

பிரிட்டன்ஸின் கணக்கு வேறு. ஆர்ச்சருக்கு உணவே தேவையில்லை என்பதால் உணவு முழுவதும் வில்லேஜருக்குப் போகலாம். காசில் ஏஜிலிருந்து டவுன் சென்டருக்கு மரச்செலவும் பாதிதான். மற்றவர்களுக்கு 275 மரம், 100 கல். இவர்களுக்கு ஏறக்குறைய 138 மரம், அதே 100 கல். ஆட்டம் தொடங்கும்போது கையில் 200 கல் இருக்கும். அதை அப்படியே காத்தால் கூடுதலாக இரண்டு டவுன் சென்டர் வரும். ஃபியூடலில் பயந்துபோய் ஒரு வாட்ச் டவர் கட்டினால் 125 கல் போய்விடும், அந்த இரண்டும் கனவாகிவிடும். பிரிட்டன்ஸ் எடுத்துத் தோற்பவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது.

அடுத்தது வீச்சு. ஃப்ளெட்சிங், பாட்கின் என்ற அம்பு அப்கிரேடுகள் இரண்டும் முடிந்த சாதாரண கிராஸ்போவுக்கு வீச்சு 7. பிரிட்டன்ஸ் கிராஸ்போவுக்கு 8. காசில் (கோட்டை) கட்டி 750 மரம், 450 தங்கத்துக்கு யோமன் என்ற அப்கிரேடை எடுத்தால் 9. கடைசிக் காலமான இம்பீரியலில் எல்லாம் முடிந்த எலைட் லாங்போவுக்கு (பிரிட்டன்ஸின் தனி வில்லாளி) 12. முழு அப்கிரேடு பெற்ற காசிலின் வீச்சு 11 என்பதால், அது எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு சுவரைப் பழுதுபார்க்கும் வில்லேஜர்களை ஒவ்வொருவராக வீழ்த்தலாம்.

ஆனால் தூரம் கூடக் கூட அம்பு போய்ச்சேர நேரமாகும், ஓடும் குதிரை தப்பிவிடும். அதனால் யூனிவர்சிட்டி கட்டி 300 மரம், 175 தங்கத்துக்கு, ஓடும் இலக்கையும் குறிவைக்க உதவும் பாலிஸ்டிக்ஸ் எடுப்பதைப் பிரிட்டன்ஸ் தள்ளிப்போடவே கூடாது. இவர்களுக்குக் குறியைத் துல்லியமாக்கும் தம்ப் ரிங் இல்லை. குறிதவறல் மற்ற வில் நாகரிகங்களைவிட அதிகம் என்பது இன்னொரு காரணம்.

பிரிட்டன்ஸுக்குப் பெரிய ஆபத்து கல்லெறியும் பொறியான மாங்கனல். அதன் அம்புக் கவசம் 6, உயிர் 50. கிராஸ்போவின் ஓர் அம்பு ஒரே ஓர் உயிரைத்தான் எடுக்கும். 18 பேர் மூன்று சுற்று எய்ய வேண்டும், அதற்குள் ஒரே கல் பாதிப் படையை முடித்துவிடும். கல் காற்றில் வரும்போதே படையை இரண்டாகப் பிரித்து விலக்கும் கைப்பழக்கம் வேண்டும். அது வரும்வரை இரண்டு நைட்டைக் கூடவே வைத்திருந்து மாங்கனல் மீது ஏவுவது நல்லது. வில்லாளிகளை முன்னே அனுப்பிவிட்டு ஊரில் வயல் போட்டுக்கொண்டிருந்தால், திரும்பிப் பார்க்கும்போது படை இருக்காது.

ஃபிராங்க்ஸை நிறுத்துவது பைக்மேனும் (ஈட்டி வீரன்), எதிரிப் படையைத் தன் பக்கம் மாற்றும் துறவியான மாங்கும். பைக்மேனுக்குத் தங்கமே வேண்டாம். குதிரைமேல் 22 கூடுதல் தாக்குதல். அவர்கள் திரளும் இடத்தில் நைட்டை மோதவிடாமல் வேறு மரவெட்டு இடத்துக்குத் திருப்புங்கள். காசில் கையில் இருந்தால் கோடரி எறியும் த்ரோயிங் ஆக்ஸ்மேன் நல்ல விடை. மாங்குக்கு லைட் கேவல்ரி (ஸ்கௌட்டின் அடுத்த நிலை) போதும். வில்லை மட்டும் நம்பாதீர்கள்: கிராஸ்போவின் அடுத்த நிலையான அர்பலெஸ்டும் இல்லை, கடைசி அம்பு அப்கிரேடான ப்ரேசரும் இல்லை.

தமிழ் வாசகர்கள் பலரின் கண் திராவிடர்கள் என்ற நாகரிகத்தின் பக்கம் போகும். 2022-இல் வந்த டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா என்ற விரிவாக்கத்தில் சேர்ந்தவர்கள், ராஜேந்திரன் பெயரில் ஒரு படையெடுப்புத் தொடரும் உண்டு. அன்பினால் மட்டும் ஆராபியா என்ற திறந்தவெளி மேப்பில் எடுக்க வேண்டாம். நைட் இல்லாததால் எதிரியின் வில்லேஜர்களை விரட்டிப் பிடிக்கும் வேகம் இருக்காது. ஒவ்வோர் ஏஜ் உயர்வுக்கும் 200 மரம் கிடைப்பதும், ஈட்டி எறியும் ஸ்கிர்மிஷர் 25% வேகமாக எறிவதும் நல்ல பலம்தான். கடல் மேப்பில் அந்த மரமெல்லாம் கப்பலாகும்; அங்கே தயங்காமல் எடுக்கலாம்.

ஒருவருக்கொருவர் ஆடும் ஆராபியாவில் முதல் ஐம்பது ஆட்டத்துக்கு ஃபிராங்க்ஸ்தான் எங்கள் பரிந்துரை. நைட்டை எதிரி ஊருக்குள் விட்டுவிட்டு ஐந்து விநாடி வீட்டைப் பார்க்கலாம். அந்த அவகாசத்தை வில் தராது. பொருளாதாரத்தைப் பார்க்காமலே ஓட்டும் பழக்கம் வந்தபின் பிரிட்டன்ஸுக்கு மாறுங்கள். அணி ஆட்டத்தில் இடம்தான் தீர்மானிக்கும்: ஓரத்தில் நிற்பவருக்கு எதிரி உடனே வருவான், அங்கே பிரிட்டன்ஸ். நடுவில் பாதுகாப்பாக இருப்பவருக்கு ஃபிராங்க்ஸ். ஓரக்காரரின் கிராஸ்போவைத் தேடி மாங்கனல் வரும்போது, அதை உடைக்க நடுக்காரரின் நைட்டுகள் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.