பாதியில் விட்ட கேம்களுக்குத் திரும்பிய 3 வருடம்

2022 தொடக்கத்தில் ஒரு மாலை உட்கார்ந்து, என்னிடம் இருக்கும் கேம்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். ஸ்டீம், எபிக் என்ற இரண்டு இணையக் கடைகள், பிளேஸ்டேஷன் மூன்றும் சேர்த்து 214. கிரெடிட்ஸ் (கடைசியில் வரும் பெயர்ப் பட்டியல்) ஓடும்வரை ஆடியவை 55. திறந்தே பார்க்காதவை 96. தொடங்கி ஆடி நடுவில் நின்றுபோனவை 63.

திறக்காத 96 பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. எபிக் கடை 2018 டிசம்பரிலிருந்து இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, எடுத்து வைத்தவை பல. ஸ்டீம் சேலில் வாங்கிப் போட்டவை மீதி. அவற்றோடு இன்னும் பழக்கமே ஏற்படவில்லை. மனதில் கிடந்து உறுத்தியது அந்த 63 தான். ஒவ்வொன்றிலும் எனக்குத் தெரிந்த யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஊரின் நடுவில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

3 வருடம் கழித்து எடுத்த கணக்கு இது: 34 முடிந்தன. 21 கேம்களை இனி ஆடப்போவதில்லை என்று முடிவெடுத்து விட்டுவிட்டேன். 8 மீதி இருக்கின்றன. முடிவே இல்லாத ஆன்லைன் கேம்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. முடிப்பது என்றால் எனக்கு மெயின் ஸ்டோரி முடிந்து கிரெடிட்ஸ் வருவது. எல்லாச் சவால்களையும் முடித்து பிளாட்டினம் கோப்பை வாங்குகிறவர்களின் பொறுமையை மதிக்கிறேன், ஆனால் அது என் வழி இல்லை.

நேரம் இல்லாததால்தான் இத்தனையும் நின்றுபோயின என்று வெகுநாள் நம்பியிருந்தேன். 63-க்கும் பக்கத்தில் காரணம் எழுதிப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. நடுவில் ஏதோ ஒரு வேலையோ, காய்ச்சலோ, வேறொரு புது கேமோ வந்து இரண்டு மூன்று வாரம் இடைவெளி விழுந்திருக்கிறது. அப்புறம் நேரம் கிடைத்துத் திறந்திருக்கிறேன். எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை, எதற்கு எந்தப் பட்டன் என்று விரல்களுக்கு நினைவில்லை. பத்து நிமிடத்தில் மூடியிருக்கிறேன். அடுத்த முறை திறக்கவே கை போகவில்லை. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கதை இதுதான். ஆடுவதற்கான நேரம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. திரும்பி உள்ளே போகும் அந்த முதல் அரை மணி நேரத்தைத்தான் நான் ஒவ்வொரு முறையும் தாண்டாமல் விட்டிருந்தேன்.

இது தெளிவாகப் புரிந்தது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல். மூன்றாம் அத்தியாயத்தில் விட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பழைய சேவ் ஃபைலை, அதாவது ஆட்டம் நின்ற இடத்தின் பதிவை, எடுத்து, குதிரையில் போய்க்கொண்டிருந்தேன். எதிரில் வந்தவருக்கு வணக்கம் சொல்ல நினைத்துப் பட்டனை அமுக்கினேன். அந்தக் கேமில் ஒருவரைப் பார்த்துப் பேசுவதற்கும், கையில் துப்பாக்கி இருந்தால் குறிவைப்பதற்கும் ஒரே பட்டன். நான் ஆடும் பாத்திரமான ஆர்தரின் கையில் துப்பாக்கி இருந்தது எனக்கு நினைவில்லை. அவர் பயந்து ஓட, பார்த்தவர்கள் புகார் சொல்லப் போக, இரண்டு நிமிடத்தில் என் தலைக்கு விலை வைத்துவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "அக்கா, நிறுத்தறப்போ எங்க இருக்கேன், எந்தப் பட்டன் எதுக்குன்னு நாலு வரி எழுதி வெச்சிருக்கலாம்ல?" என்றான்.

இந்த 3 வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த யோசனை அதுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை ஆடி முடித்ததும் ஒரு சீட்டு எழுதுகிறேன். இரண்டு நிமிடம்கூட ஆகாது. தி விட்சர் 3-க்கு எழுதிய ஒன்று இன்னும் இருக்கிறது: "நோவிகிராட். டாண்டிலியனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த முறை நேராக மெயின் குவெஸ்ட், அறிவிப்புப் பலகை பக்கம் போகாதே. வட்டம் டாட்ஜ், பெருக்கல் உருள்வது. சண்டைக்கு முன் குவென்." (குவெஸ்ட் என்பது கேம் தரும் பணி, வட்டமும் பெருக்கலும் கன்ட்ரோலர் பட்டன்கள், டாட்ஜ் அடியிலிருந்து விலகுவது, குவென் ஒரு காப்பு மந்திரம்.) இருக்கும் இடத்தைவிட அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்பதை எழுதுவதுதான் முக்கியம். இடத்தை கேமே மேப்பில் காட்டிவிடும். என் மனதில் இருந்த திட்டம் எந்த சேவ் ஃபைலிலும் பதிவாவதில்லை.

சில கேம்கள் இந்த வேலையைத் தாங்களே செய்கின்றன, அவற்றை நான் நன்றியோடு நினைக்கிறேன். தி விட்சர் 3-இல் சேவ் ஏறும் நேரத்திலேயே இதுவரை நடந்த கதையை ஒரு குரல் சொல்லிவிடும். டிராகன் குவெஸ்ட் 11-உம் சேவ் ஃபைலைத் திறந்ததும் முன்கதையைச் சொல்லும். அவுட்டர் வைல்ட்ஸ் இன்னும் ஒருபடி மேல். 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் தொடக்கத்துக்குத் திரும்பும் அந்தக் கேமில் லெவல் ஏற்றுவதற்கு எதுவுமே இல்லை. நாம் தெரிந்துகொண்டது மட்டும்தான் நம்மோடு வரும். அந்த அறிவு முழுவதையும் கப்பலில் உள்ள பதிவேடு சேர்த்து வைத்து, எந்த இடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது என்றுகூடக் குறித்துக் காட்டும். ஒரு வருடம் கழித்துப் போயும் அந்தப் பதிவேட்டைப் பத்து நிமிடம் படித்ததில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கப்பலைத் தரையிறக்கத்தான் மறுபடி பழக வேண்டியிருந்தது.

ஹாலோ நைட் இதற்கு நேர் எதிர். மேப்பை விலை கொடுத்து வாங்க வேண்டும், நடந்த இடம் அதில் ஏறுவதற்கு பெஞ்சில் உட்கார வேண்டும், நாம் எங்கே இருக்கிறோம் என்று பார்ப்பதற்கே சார்ம் என்ற சிறு தாயத்து ஒன்றை அணிய வேண்டும். தொலைந்துபோவதும் வழி கண்டுபிடிப்பதும்தான் அதன் உயிர் என்பதால் அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்துப் போனபோது எந்தக் கதவு ஏன் மூடியிருந்தது என்று ஒன்றும் நினைவில்லை. முதலிலிருந்து தொடங்கினேன். முன்பு 14 மணி நேரத்தில் அடைந்த இடத்தை 8 மணி நேரத்தில் தொட்டேன், இந்த முறை விடாமல் முடித்தேன்.

பழைய சேவ் ஃபைலைத் தொடர்வதா, புதிதாகத் தொடங்குவதா என்பதற்கு என் பழக்கம் இது. கதைதான் மறந்திருக்கிறது என்றால் தொடர்வேன், சுருக்கத்தைப் படித்தால் போதும். கை மறந்திருக்கிறது என்றால், மெயின் ஸ்டோரியைத் தொடாமல் சிறிய சைட் குவெஸ்ட் ஒன்றிரண்டு ஆடி விரல்களைப் பழக்குவேன். கதை, கை இரண்டுமே போய்விட்டது, ஆடியதும் பதினைந்து மணி நேரத்துக்குள்தான் என்றால் தயங்காமல் புதிதாகத் தொடங்குவேன். அந்த 15 மணி நேரம் வீண் என்று இப்போது தோன்றுவதில்லை. இரண்டாம் முறை கதையின் தொடக்கம் வேறு மாதிரி தெரிகிறது.

நோட்டில் பார்த்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்த இன்னொரு விஷயம், கடைசி பாஸுக்கு (முடிவில் வரும் பெரிய எதிரி) பக்கத்தில் வந்து நின்றுபோனவை மட்டும் 9. அத்தனை தூரம் வந்து ஏன் நிறுத்தினேன்? விருப்பப்படி சுற்றித் திரியும் ஓப்பன் வேர்ல்ட் கேம்கள் பலவற்றில் முடிவுக்கு முன் ஓர் எச்சரிக்கை வரும். இதற்கு மேல் போனால் திரும்ப முடியாது, மிச்ச வேலைகளை முடித்துக்கொண்டு வா என்று சொல்லும். அதைப் பார்த்ததும் மேப்பில் உள்ள குறிகள் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டு வரலாம் என்று திரும்பிவிடுவேன். கதை உச்சத்தில் இருக்க, நான் மூலிகை பறித்துக்கொண்டிருப்பேன். பத்து மணி நேரத்தில் அலுத்துப்போய் வேறு கேமுக்குப் போய்விடுவேன். அந்தக் கதை எனக்காகக் கட்டியெழுப்பிய வேகத்தை நானே உடைத்திருக்கிறேன்.

இப்போது அந்த எச்சரிக்கை வந்தால் தனியாக ஒரு சேவ் போட்டுவிட்டு நேராக உள்ளே போய்விடுகிறேன். விட்டுப்போன சைட் குவெஸ்ட் வேண்டுமென்றால் பிறகு அந்த சேவ் ஃபைலைத் திறந்து ஆடிக்கொள்ளலாம். அந்த 9 கேம்களையும் ஒரே கோடையில் முடித்தேன். ஒன்றுக்கும் மூன்று மணி நேரத்துக்கு மேல் தேவைப்படவில்லை. பேக்லாக்கை, அதாவது முடிக்காமல் சேர்ந்துபோன கேம்களை, குறைக்க நினைக்கிறவர்கள் முதலில் முடிவுக்குப் பக்கத்தில் நிற்பவற்றைத் தேடி எடுங்கள் என்றே சொல்வேன்.

நீளம் குறைந்தவற்றை முதலில் முடி என்ற அறிவுரையையும் முயன்று பார்த்தேன். ஃபயர்வாட்ச், எ ஷார்ட் ஹைக் போன்றவை ஒரே நாளில் முடியக்கூடியவை, முடித்த மகிழ்ச்சியும் உண்மையானது. ஆனால் இரண்டு மாதத்தில் சின்னவை எல்லாம் தீர்ந்து, 40 மணி நேரம், 60 மணி நேரம் கேட்பவை மட்டும் வரிசையாக நின்றன. அதனால் சின்னவற்றை இரண்டு பெரிய கேம்களுக்கு நடுவில் மூச்சு விடுவதற்காக வைத்துக்கொண்டேன். அது நன்றாக வேலை செய்தது.

எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை ஹவ் லாங் டு பீட் தளத்தில் பார்க்கலாம். ஆடியவர்களே பதிவு செய்த நேரங்கள் அவை. என் வேகம் அதைவிட மெதுவானது என்று போகப்போகத் தெரிந்தது. அங்கே 30 என்றால் எனக்கு 40. ஒரே நேரத்தில் இரண்டு கேமுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை, அவையும் ஒரே வகையாக இருக்கக் கூடாது. இரண்டு சண்டை கேம்களைச் சேர்த்து ஆடியபோது ஒன்றின் பட்டன் இன்னொன்றில் வந்து குழப்பியது.

கஷ்டத்தைக் குறைத்து ஆடுவது பற்றி எனக்குத் தயக்கம் இருந்தது, இப்போது இல்லை. மலையேறும் கேமான செலஸ்டில் ஏழாம் அத்தியாயமான சிகரத்தில் நின்றுபோயிருந்தேன். ஆட்டத்தை எளிதாக்கும் அசிஸ்ட் மோடில் வேகத்தை 80 சதவீதம் ஆக்கி ஏறினேன். மலை உச்சியில் வந்த நிறைவு எந்த விதத்திலும் குறையவில்லை. ஹேடிஸ் என்ற கேமின் காட் மோட் இன்னும் அழகான யோசனை. தொடக்கத்தில் நமக்கு விழும் அடியை 20 சதவீதம் குறைக்கும், ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம் சேரும், 80 வரை போகும். நம்மைக் கைவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கிப் பிடிக்கிற ஏற்பாடு அது.

ஒரு இழப்பையும் சொல்ல வேண்டும். பழைய கேம் ஒன்றில் 30 மணி நேரம் ஆடியிருந்தேன். கணினியை ஃபார்மேட் செய்தபின்தான் அதற்கு கிளவுட் சேவ் (இணையத்தில் தானாகச் சேமிக்கும் வசதி) கிடையாது என்று தெரிந்தது. விண்டோஸில் சேவ் ஃபைல்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சில கேம்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் வைக்கும், சில ஆப்டேட்டா ஃபோல்டரில். அந்தக் கேமுக்குத் திரும்ப மனம் வரவில்லை. ஸ்டீமில் ஒரு கேமின் கடைப் பக்கத்திலேயே கிளவுட் சேவ் உண்டா என்று போட்டிருக்கும். இல்லையென்றால் அந்த ஃபோல்டரைத் தேடிப் பிடித்து நகல் எடுத்துவிடுங்கள்.

கைவிட்ட 21-இல் அதுவும் ஒன்று. மற்ற 20-க்கும் மூன்று முறை வாய்ப்புக் கொடுத்தேன். மூன்று வெவ்வேறு நாள், ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு மணி நேரம். மூன்றாம் நாளும் மூடும்போது நிம்மதியாக இருந்தால் அன்இன்ஸ்டால் செய்து, நோட்டில் கோடு போட்டேன். நன்றாகச் செய்யப்பட்ட கேம்களும் அதில் உண்டு. எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். கோடு போடாமல் வைத்திருந்த காலத்தில் அவை ஒவ்வொன்றும் கொஞ்சம் மனப்பாரமாக இருந்தன.

மீதமுள்ள 8-இல் எனக்கு மிகவும் பிடித்தது பெர்சோனா 5 ராயல். நூறு மணி நேரத்தைத் தாண்டும் கேம், அதுவும் நாட்காட்டிப்படி நடப்பது. கேமுக்குள் வரும் நவம்பர் 18-க்குள் பள்ளி ஆலோசகர் மருகியோடு உள்ள நட்பை 9-ஆம் நிலைக்குக் கொண்டுபோகாவிட்டால் ராயலில் புதிதாகச் சேர்த்த கடைசிப் பகுதி திறக்காது. என் பழைய சேவ் ஜூலையில் நிற்கிறது, அவரோடு எந்த நிலையில் இருக்கிறேன் என்றே தெரியாமல் விட்டிருந்தேன். போன வாரம் திறந்து பார்த்தேன், 3. இனி எந்தெந்த நாளில் அவரைப் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதியாகிவிட்டது. கன்ட்ரோலர் சார்ஜில் இருக்கிறது.